விசாவின் பிடி யார் கையில்? வெளிநாடு போகும் சீனப் பெண்களின் வழிகள், ஓர் ஒப்பீடு

சீனாவின் வேலை விளம்பரங்களில் "35 வயதுக்கு உட்பட்டவர்கள்" என்ற வரி வெகு சாதாரணம். மத்திய அரசுப் பணித் தேர்விலேயே பல ஆண்டுகளாக அதுதான் வரம்பு. 2025 அக்டோபரில்தான் 38 ஆக உயர்த்தினார்கள். பெண்களிடம் நேர்காணலில் கல்யாணம், குழந்தை பற்றிக் கேட்கக்கூடாது என்று 2019 பிப்ரவரியில் ஒன்பது அரசுத் துறைகள் சேர்ந்து சுற்றறிக்கை விட்டன. கேள்வி நிற்கவில்லை, சுற்றிவளைத்துக் கேட்கிறார்கள். கல்யாணமாகாத பெண் கருமுட்டையை உறையவைத்துக்கொள்ள 2003ஆம் ஆண்டு விதி இடம் தருவதில்லை. அதை எதிர்த்துப் பெய்ஜிங்கில் ஒரு பெண் நடத்திய வழக்கு 2024 ஆகஸ்டில் மேல்முறையீட்டிலும் தோற்றது. படித்த பெண்கள் முப்பதை நெருங்கும்போது வெளிநாட்டுக் கணக்கைப் போட ஆரம்பிப்பதற்கு இப்படிப் பல காரணங்கள். கிராமத்துப் பெண்ணுக்கும், பிள்ளையின் படிப்புக்காகப் புறப்படும் தாய்க்கும் காரணங்கள் வேறு, வழிகளும் வேறு.

ஏஜென்ட்டுகள் நாட்டை வைத்துத்தான் விற்பார்கள்: ஜப்பானா, ஆஸ்திரேலியாவா, சிங்கப்பூரா என்று. நாடு இரண்டாவது கேள்வி. தங்கும் அனுமதி எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதே முதல் கேள்வி. படிப்பையும் சம்பளத்தையும் பிடித்து நின்றால் பிடி அவள் கையில். கணவனையோ, பிள்ளையின் பள்ளியையோ, ஒரே முதலாளியையோ பிடித்து நின்றால் அது அடுத்தவர் கையில். அந்தப் பிடி விட்டுப்போனால் எத்தனை நாளில் பெட்டி கட்ட வேண்டும்? கீழே ஒவ்வொரு வழியையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடைபோட்டிருக்கிறோம்.

ஜப்பான்: மொழிப்பள்ளியிலிருந்து வேலை வரை

நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணுக்குச் செலவில் கட்டுப்படியாகிற வழி இது. முதலில் மொழிப்பள்ளி, அடுத்து முதுகலை, அதன்பின் வேலை. மொழிப்பள்ளிக் கட்டணம் ஆண்டுக்குச் சுமார் 7 முதல் 9 லட்சம் யென். ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி என நான்கு சேர்க்கைகள் உண்டு. மொழிப்பள்ளியில் இரண்டு ஆண்டுக்கு மேல் இருக்க முடியாது. பல்கலைக்கழகங்கள் ஏப்ரலில் தொடங்குவதால், ஏப்ரலில் வருகிறவளுக்கு முழு இரண்டாண்டு கிடைக்கும், ஜனவரியில் வருகிறவளுக்கு ஒன்றேகால் ஆண்டுதான். ஜப்பானிய மொழி அறவே தெரியாமல் ஜனவரியில் வந்தால் முதுகலை நுழைவுக்குத் தயாராக நேரம் பற்றாது. ஏப்ரல் சேர்க்கைக்கு முந்தைய ஆண்டு நவம்பர் வாக்கிலேயே பள்ளி அவள் சார்பில் குடிவரவு அலுவலகத்தில், விசாவுக்கு அடிப்படையான தகுதிச் சான்றுக்கு விண்ணப்பிக்கும். ஆகவே அவள் தாள்களைச் செப்டம்பரிலேயே தயாராக வைத்திருக்க வேண்டும். பணம் கட்டுகிற பெற்றோரின் வங்கி இருப்பு, வருமானச் சான்று, அவளுடைய பட்டத்தின் இணையச் சரிபார்ப்பு, இவற்றில் ஒன்று முரண்பட்டாலும் சான்று வராது. விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் கணக்கில் திடீரென்று ஏறிய பெரிய தொகையும் சந்தேகத்தைக் கிளப்பும்.

இறங்கியதும் பெரிய விமான நிலையங்களிலேயே குடியிருப்பு அட்டை கொடுத்துவிடுவார்கள். வீடு பிடித்த 14 நாளுக்குள் வட்டார அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அங்கேயே தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் சேர வேண்டும். அதன்பின் மருத்துவச் செலவில் அவள் பங்கு 30 சதவீதம்.

பகுதிநேர வேலைக்கு வாரம் 28 மணிநேரம் உச்சவரம்பு. பள்ளியின் நீண்ட விடுமுறையில் மட்டும் நாளுக்கு 8 மணிநேரம். டோக்கியோவின் குறைந்தபட்சக் கூலி 2025 அக்டோபர் முதல் மணிக்கு 1,226 யென். 28 மணிநேரம் என்றால் வாரம் சுமார் 34,000 யென், மாதம் ஒன்றரை லட்சத்தைத் தொடாது. வாடகையும் சாப்பாடும் இதில் ஓடும், கல்லூரிக் கட்டணம் ஓடாது. ஓடவைக்கப் பார்க்கும்போதுதான் சிக்கல். இரண்டு கடைகளில் தலா 20 மணிநேரம் வேலை பார்ப்பார்கள், ஒவ்வொரு கடையின் கணக்கிலும் வரம்பு மீறியிருக்காது. ஆனால் வரம்பு ஆளுக்கு, கடைக்கு அல்ல. விசாவைப் புதுப்பிக்கும்போது கேட்கும் வரிச் சான்றில் இரண்டு கடை வருமானமும் ஒன்றாகக் கூடி நிற்கும். இன்னொன்றையும் பெண்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளரோடு உட்கார்ந்து உபசரிக்கும் மதுவிடுதி, கேளிக்கை விடுதி வகையறாவில் மாணவர் எந்த வேலையும் செய்யக்கூடாது. வாடிக்கையாளர் முன்னால் போகாமல் உள்ளே பாத்திரம் கழுவினாலும் அது மீறல்தான்.

பட்டம் வாங்கியதும் வேலை கிடைக்காவிட்டால், வேலை தேடுவதற்கென்று ஆறு மாத அனுமதி வாங்கலாம், ஒருமுறை நீட்டித்து ஓராண்டு ஆக்கலாம். கிடைக்கும் வேலை படிப்போடு பொருந்த வேண்டும். கடையில் நின்று பில் போடும் வேலைக்கு அலுவலகப் பணி விசா கொடுக்க மாட்டார்கள்.

இந்த வழியின் பெரிய லாபம் உயர்திறனாளர் பாயின்ட் முறை. வழக்கமாக நிரந்தர வதிவிடத்துக்குப் பத்தாண்டு காத்திருக்க வேண்டும். 70 பாயின்ட் இருந்தால் மூன்றாண்டில் கேட்கலாம், 80 இருந்தால் ஓராண்டில். 29 வயதுப் பெண் ஒருத்தியின் கணக்கைப் பார்ப்போம். முப்பதுக்குக் கீழே என்பதால் 15. முதுகலைக்கு 20. ஜப்பானியப் பல்கலைக்கழகத்தில் படித்ததற்கு 10. மொழித் தேர்வின் உச்சப் படியான என்1 தேறியதற்கு 15. ஆண்டுச் சம்பளம் 40 லட்சம் யென் என்றால் 10. ஆக 70, சரியாகக் கோட்டின் மேல். அதே பெண் 35 வயதில் இதே சம்பளத்தோடு வந்தால் வயதுக்கு 5தான், சம்பளத்துக்கு ஒன்றுமே இல்லை, ஏனென்றால் அந்த வயதில் 60 லட்சத்துக்குக் கீழான சம்பளத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. ஐந்தாண்டு வேலை அனுபவத்துக்கான பாயின்ட்டைச் சேர்த்தால்கூட 60தான். 35ஐக் காட்டிச் சீனாவில் கதவைச் சாத்துகிறார்கள் என்று கிளம்பிவருகிறவளுக்கு இங்கேயும் வயதுதான் கணக்கு. கூட்டிக்கழித்தால் 31, 32 வயதில் மொழிப்பள்ளியில் சேர்வது இந்த வேகவழியைக் கிட்டத்தட்ட இழப்பதற்குச் சமம்.

நிரந்தர வதிவிட விண்ணப்பம் அடிபடும் இடம் பெரும்பாலும் பாயின்ட் அல்ல, ஓய்வூதியச் சந்தாவும் காப்பீட்டுச் சந்தாவும். கட்டியிருந்தால் போதாது, கெடு தேதிக்குள் கட்டியிருக்க வேண்டும். வேலை மாறும்போது நடுவில் ஒரு மாதம் இடைவெளி விழுந்தால், அந்த மாதத்துக்கு அவளே வட்டார அலுவலகம் போய்த் தேசிய ஓய்வூதியத்தில் சேர வேண்டும். கம்பெனி செய்யாது, யாரும் நினைவுபடுத்தவும் மாட்டார்கள். மூன்று ஆண்டு கழித்து அந்த ஒரு மாதம் கோப்பில் பல்லிளிக்கும். சீட்டில் அச்சடித்திருக்கும் கெடு தேதியை விட்டுவிட்டு மூன்று மாதத்தைச் சேர்த்துக் கட்டுவதும் இதே ரகம்தான்.

பிடி விட்டால் என்ன ஆகும்? வேலை போனாலோ மாறினாலோ 14 நாளுக்குள் தகவல் சொல்ல வேண்டும். காரணமில்லாமல் மூன்று மாதம் சும்மா இருந்தால் அனுமதியை ரத்துசெய்ய அதிகாரம் உண்டு. வேலை தேடிக்கொண்டிருப்பதற்கான தடயத்தை வைத்திருந்தால் அதுவே நியாயமான காரணம். அடுத்த கம்பெனி கிடைத்ததும் கணக்கு தொடரும், அவள் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. சீன நகரத்து அலுவலகங்களில் பெண் மேலாளர் சாதாரணம், ஜப்பானில் இன்றும் அரிது. பதவி உயர்வை நினைத்துப் போகிறவள் ஏமாறுவாள்.

ஆஸ்திரேலியா: காசு பெருத்த வழி

இங்கே விலை வேறு தளத்தில் இருக்கிறது. மாணவர் விசாக் கட்டணம் 2025 ஜூலை முதல் 2,000 ஆஸ்திரேலிய டாலர், மறுத்தாலும் திரும்ப வராது. ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு 29,710 டாலர் காட்ட வேண்டும், கல்லூரிக் கட்டணம் அதற்குமேல். முதுகலைக்கு ஆண்டுக்கு 40,000 முதல் 50,000 டாலர் ஆகும் என்றால் இரண்டாண்டுக்குச் சுமார் ஒன்றரை லட்சம் டாலர். ஒரே மகளைப் பெற்ற பெற்றோர் ஊரில் இருக்கும் இரண்டாவது ஃபிளாட்டை விற்றுக் கட்டுகிற தொகை இது.

படிக்கும்போது இரண்டு வாரத்துக்கு 48 மணிநேரம் வேலை செய்யலாம். தேசியக் குறைந்தபட்சக் கூலி 2025 ஜூலை முதல் மணிக்கு 24.95 டாலர். சீனம் பேசும் உணவகத்திலும் பால்டீ கடையிலும் கையில் காசாகக் கொடுக்கும் கூலி பல இடங்களில் இதற்கு வெகு கீழே. "மாணவர் விசாதானே, புகார் போனால் உன்னைத்தான் அனுப்புவார்கள்" என்று முதலாளி சொல்வது பெரும்பாலும் வெற்று மிரட்டல். தொழிலாளர் குறைகேட்கும் அமைப்பான ஃபேர் ஒர்க் ஆம்பட்ஸ்மன் விசா பார்த்துப் புகார் எடுப்பதில்லை. சுரண்டலுக்கு எதிராக வழக்கு நடத்துவதற்காகவே தங்கியிருக்க 2024 ஜூலையில் ஒரு தனி விசாவும் சோதனையாக வந்தது. ஆனால் நிரூபிக்கத் தாள் வேண்டும். சம்பளச் சீட்டு தராத கடையில் ஷிப்ட் நேரத்தைச் சொல்லி வீசாட் செயலியில் வரும் செய்திகளை அழிக்காமல் வைத்திருப்பதே ஆதாரம்.

படிப்பு முடிந்ததும் தங்கி வேலை பார்க்க 485 என்ற விசா: ஆய்வு அல்லாத, வகுப்பில் படிக்கும் முதுகலைக்கு இரண்டாண்டு, விண்ணப்பிக்கும்போது வயது 35ஐத் தாண்டக்கூடாது. 2024 ஜூலைக்கு முன் வரம்பு 50 ஆக இருந்தது. 34 வயதில் இரண்டாண்டு முதுகலையில் சேர்கிறவளுக்கு இந்தக் கதவு முடிக்கும் முன்பே மூடிவிடும். இதைச் சொல்லாமல் சேர்த்துவிடும் ஏஜென்ட்டுகள் இன்றும் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கமிஷன் தருவது கல்லூரி.

நிரந்தர வதிவிடத்துக்கு இங்கேயும் பாயின்ட். 27 வயதுப் பெண்ணுக்கு வயதுக்கு 30, முதுகலைக்கு 15, ஆஸ்திரேலியப் படிப்புக்கு 5, ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் நான்கு பிரிவிலும் 8 எடுத்தால் 20. இதோடு, துணை இல்லாதவர் என்பதற்கு 10. ஆக 80. ஊரில் அத்தைமார் குறையாகச் சொல்லும் விஷயத்துக்கு இங்கே பத்து மதிப்பெண்! சட்டப்படி 65 இருந்தாலே விண்ணப்பிக்கலாம், ஆனால் அழைப்பு வருவது துறையைப் பொறுத்தது. கணக்கியலிலும் ஐ.டி.யிலும் 80ஐ வைத்துக்கொண்டு காத்தே கிடக்கலாம். செவிலியர், ஆசிரியர், மழலையர் கல்வி, சமூகப்பணி ஆகியவற்றில் கதவு சற்று அகலம். வணிகப் பட்டம் படித்த சீனப் பெண்கள் இரண்டாவது முதுகலையாக மழலையர் கல்விக்குத் தாவுவது இதனால்தான். தாவுமுன் மொழி மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டும். பள்ளி ஆசிரியர் தகுதி மதிப்பீட்டுக்கு எழுதுதல், வாசித்தலில் 7, பேசுதல், கேட்டலில் 8 கேட்பார்கள். இலக்கணத்தில் புலியாக இருப்பவர்கள் பேச்சில் 6.5இல் மாதக்கணக்காக முட்டிக்கொண்டு நிற்பதைப் பரவலாகப் பார்க்கலாம்.

காசில்லாதவர்களுக்கு ஒரு சந்து இருக்கிறது: 462 என்ற வேலை-விடுமுறை விசா. சீனர்களுக்கு ஆண்டுக்கு 5,000 இடம், வயது 18 முதல் 30, ஐஇஎல்டிஎஸ் சராசரி 4.5. 2024 முதல் குலுக்கல், அதற்குப் பதிவுக்கட்டணம் 25 டாலர். ஒரு முதலாளியிடம் பொதுவாக ஆறு மாதம்தான் வேலை செய்யலாம். வட்டாரப் பகுதிகளில் குறிப்பிட்ட வேலையை மூன்று மாதம் செய்தால் இரண்டாம் ஆண்டு, பிறகு ஆறு மாதம் செய்தால் மூன்றாம் ஆண்டு. கெடுவது எங்கே என்றால், அந்த மூன்று மாதத்தில். பழத்தோட்டம் நகரிலிருந்து பல மணிநேரம் தள்ளி இருக்கும், தங்குமிடம், வண்டி, வேலை மூன்றும் ஒரே ஒப்பந்தக்காரர் கையில் இருக்கும். தனியாகப் போகும் பெண்ணுக்கு இது ஆபத்தான கூட்டு. மூன்றில் ஒன்றையாவது, முக்கியமாகத் தங்குமிடத்தை, வேறு ஆளிடம் வைத்துக்கொள்ள வேண்டும். கையில் காசு வாங்கினால் அந்த நாட்கள் விசாக் கணக்கில் சேராமல் போகும். இந்த விசா நிரந்தர வதிவிடத்துக்கு வழி அல்ல. பேச்சு ஆங்கிலம் தேறவும் ஊரை அறியவும் உதவும், அவ்வளவுதான். ஆனால் ஒன்றரை லட்சம் டாலரைப் போடுவதற்கு முன்னால் நாட்டை நேரில் பார்க்க இதைவிட மலிவான வழி கிடையாது.

தைவான்: கல்யாணம் கட்டிப் போவது

படிப்பு, பணம், வயது எதுவும் தடையில்லை, மொழியும் பிரச்சினையில்லை. இந்த வழியின் கவர்ச்சி அதுதான். இப்படி வந்த பெருநிலச் சீன வாழ்க்கைத்துணைகள் தைவானில் மூன்றரை லட்சத்துக்கு மேல், பெரும்பாலோர் பெண்கள். முதல் படியிலிருந்து கடைசிப் படி வரை பிடி கணவன் கையில் இருப்பதும் இந்த வழியில்தான்.

முதலில் சீனாவில் திருமணப் பதிவு. அதை நோட்டரி அலுவலகத்தில் சான்றாக்கி, தைவானில் நீரிணைப் பரிமாற்ற அறக்கட்டளையின் சரிபார்ப்புக்குக் கொடுக்க வேண்டும். பிறகு கணவன் அங்குள்ள குடிவரவு நிறுவனத்தில் அவளை வரவழைக்க விண்ணப்பிப்பான். முதல் நேர்காணல் அவனுக்கு. அது தேறினால் அவள் விமானம் ஏறலாம், ஆனால் தாவ்யுவான் விமான நிலையத்தில் அடுத்த நேர்காணல் காத்திருக்கும். இருவரையும் தனித்தனியாக உட்காரவைப்பார்கள். முதலில் எங்கே சந்தித்தீர்கள், யார் அறிமுகம், பரிசப்பணம் எவ்வளவு, விருந்தில் எத்தனை மேசை, அவன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், முதல் மனைவியோடு விவாகரத்து ஏன். பதில்களில் பெரிய முரண் தெரிந்தால் அங்கிருந்தே திருப்பி அனுப்பலாம். 2003 முதல் இந்த முறை இறுகியிருக்கிறது. போலிக் கல்யாணங்கள் மட்டும் இதில் மாட்டுவதில்லை. தரகருக்குக் கொடுத்த காசைக் கணவன் கூச்சத்தில் மறைப்பான், அவள் உள்ளதைச் சொல்லிவிடுவாள். மாட்டுவது நிஜத் தம்பதி.

உள்ளே வந்து திருமணத்தை அங்கும் பதிந்தபின் சார்பு வதிவிடம் நான்கு ஆண்டு, நீண்டகால வதிவிடம் இரண்டு ஆண்டு. ஒவ்வோராண்டும் 183 நாளுக்கு மேல் தைவானில் இருந்தாக வேண்டும். ஆறாண்டு முடிந்த பிறகே அடையாள அட்டைக்கு விண்ணப்பம். வியட்நாமிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்த மனைவிக்கு இது சுமார் நான்காண்டில் முடிகிறது. பிரசவத்துக்குத் தாய்வீடு போய் அங்கேயே ஏழு மாதம் தங்கிவிட்டால் அந்த ஆண்டு கணக்கில் சேராது. ஊரில் அம்மா படுத்த படுக்கையானாலும் அதேதான்.

2009 சட்டத்திருத்தம் சிலவற்றைச் சரிசெய்தது. அதற்கு முன் அட்டைக்கு எட்டாண்டு ஆனது, வேலை செய்யத் தனி அனுமதி வேண்டியிருந்தது, கணவன் சொத்தில் 20 லட்சம் தைவான் டாலருக்கு மேல் வாரிசுரிமை கிடையாது. இப்போது சார்பு வதிவிடம் கிடைத்த நாளிலிருந்தே வேலை செய்யலாம். ஆனால் எந்த வேலை? பெருநிலத்துப் பட்டங்களில் ஒரு பகுதியைத்தான் தைவான் ஏற்கிறது, மருத்துவம் சார்ந்தவற்றை ஏற்பதே இல்லை. ஊரில் டாக்டராக இருந்தவள் இங்கே கடையில் நிற்கிறாள்.

அட்டை வருமுன் விவாகரத்தானால் வதிவிடம் ரத்தாகும். தைவான் பதிவுள்ள மைனர் குழந்தையின் பொறுப்பு அவளிடம் இருந்தால் தங்கலாம். குடும்ப வன்முறையால் நீதிமன்றம் விவாகரத்து கொடுத்து, அங்கே அவள் பெற்ற மைனர் பிள்ளையும் இருந்தால் தங்கலாம். கணவன் இறந்து மறுமணம் செய்யாதவளும் தொடரலாம். குழந்தையில்லாமல் அடிவாங்குகிற பெண் இந்தப் பட்டியலில் எங்கும் அடங்கமாட்டாள். ஆஸ்திரேலியாவில் துணைவர் விசாவுக்கு விண்ணப்பித்திருக்கும் பெண், குடும்ப வன்முறையால் உறவு முறிந்ததை நிரூபித்தால், குழந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிரந்தர வதிவிடம் பெற வழியுண்டு. கல்யாண வழிகளுக்குள் ஒப்பிட்டால் எங்கள் ஓட்டு இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே ஆஸ்திரேலியாவுக்கு. வன்முறை நடக்கும் வீட்டில் இருப்பவள் முதலில் கூப்பிட வேண்டிய எண் தைவானில் 113. போலீஸ் பதிவும் மருத்துவச் சான்றும் இல்லாமல் பிற்பாடு நீதிமன்றத்தில் எதுவும் நிற்காது.

கடைசிப் படியில் சீனாவின் ஹுகோவு என்ற குடும்பப் பதிவை நீக்கிய சான்றைக் கொடுக்க வேண்டும். 2025 ஏப்ரலில் தைவான் குடிவரவு நிறுவனம் இந்தச் சான்றைக் கொடுக்காத பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு மூன்று மாதக் கெடு வைத்துக் கடிதம் அனுப்பியது. பல ஆண்டுகளுக்கு முன்பே அட்டை வாங்கிப் பேரன் பேத்தி எடுத்தவர்களும் அதில் இருந்தார்கள். இன்று போகிறவள் சான்றை வாங்கும் அன்றே இரண்டு பிரதி கூடுதலாக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சிங்கப்பூர்: பிள்ளையின் பள்ளியைப் பிடித்து

சிங்கப்பூரில் இருக்கும் தமிழர்களுக்கு "ஸ்டடி மம்மா" என்ற பேச்சு புதிதல்ல. மாணவர் அனுமதியில் படிக்கும் பிள்ளையோடு தாய் அல்லது பாட்டி நீண்டகால வருகை அனுமதியில் தங்கலாம். அப்பாவுக்கு இந்த ஏற்பாடு இல்லை. முதல் ஓராண்டு வேலை செய்யக்கூடாது. பிறகு முதலாளி விண்ணப்பித்தால் வேலை அனுமதி வாங்கலாம், கிடைப்பது பெரும்பாலும் உணவங்காடி, துப்புரவு, கடை உதவி.

அரசுப் பள்ளியில் சேர, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென்று ஆண்டுக்கொருமுறை நடக்கும் ஏஇஐஎஸ் நுழைவுத் தேர்வில் ஆங்கிலமும் கணிதமும் எழுத வேண்டும். கணிதத்தில் சீனப் பிள்ளைகள் தடுமாறுவதில்லை, விழுவது ஆங்கிலத்தில். தொடக்கப்பள்ளி ஆறாம் வகுப்புக்கு இந்தத் தேர்வு வழியாகச் சேர்க்கை கிடையாது. பதினொரு வயதுப் பிள்ளையோடு வரும் தாய் வயதுக்கேற்ற வகுப்பு கிடைக்காமல் ஓராண்டு கீழே இறங்க வேண்டிவரும். தேறாவிட்டால் தனியார் பள்ளியில் இன்னோராண்டு. அதுவரை தாய்க்கும் வருமானமில்லை. ஆகவே இரண்டாண்டுச் செலவை முழுதாகக் கையில் வைத்துக்கொண்டுதான் இந்த வழியில் கால் வைக்க வேண்டும். ஆசியான் நாட்டுப் பிள்ளைகளைவிடச் சீனப் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணமும் அதிகம்.

நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பு தாய்க்கு அல்ல, பிள்ளைக்கு. இரண்டாண்டு தங்கி, ஒரு தேசியத் தேர்விலாவது தேறியிருந்தால் பிள்ளை விண்ணப்பிக்கலாம். மகனாக இருந்தால் அதோடு தேசிய சேவைக் கடமையும் வரும், மகளுக்கு இல்லை. பிள்ளை படிப்பை முடித்தாலோ பள்ளி மாறி அனுமதி இழந்தாலோ தாயின் அனுமதியும் அதோடு போகும். பத்தாண்டு பாத்திரம் கழுவியவளுக்குத் தன் பெயரில் எதுவும் மிஞ்சாது. பிள்ளைக்காக என்று தெளிந்து போகிறவளுக்கு இது சரியான வழியாக இருக்கலாம். தானும் குடியேறுகிறோம் என்று நினைத்துப் போகிறவளுக்கு இது வழியே அல்ல.

ஜப்பானின் பயிற்சித் தொழிலாளி

வெளிநாட்டவரைப் பயிற்சியாளர் என்ற பெயரில் வேலைக்கு எடுக்கும், 1993இல் தொடங்கிய தொழில்நுட்பப் பயிற்சித் திட்டத்தில் நெடுங்காலம் சீனர்களே அதிகம். கிஃபு மாநிலத்துத் தையல் பட்டறைகள் சீனப் பெண்களின் கையில்தான் ஓடின. சீனாவில் கூலி ஏற, இடத்தை வியட்நாம்காரர்கள் பிடித்தார்கள். இன்று ஒரு சீனப் பெண்ணுக்கு இந்த வழியைப் பரிந்துரைக்கக் காரணம் ஒன்றும் தெரியவில்லை. புறப்படுமுன் தரகருக்குக் கட்டிய கடன், மாற்ற முடியாத முதலாளி, கர்ப்பமானால் ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்ற மிரட்டல் மூன்றும் ஒன்றையொன்று இறுக்கும். கர்ப்பத்தைக் காட்டி வேலையை விட்டு நீக்குவதை ஜப்பானியச் சட்டம் தடைசெய்கிறது, பயிற்சியாளருக்கும் அது பொருந்தும். ஆனால் கடனோடு வந்தவள் சட்டம் பேசமாட்டாள் என்பது முதலாளிக்குத் தெரியும். 2027 ஏப்ரலில் புதிய திட்டம் வருகிறது, அதில் ஓரிரண்டு ஆண்டுக்குப்பின் அதே துறைக்குள் முதலாளியை மாற்றலாம். தையல்தான் தெரியும், ஜப்பான்தான் வேண்டும் என்பவள் அதுவரை காத்திருப்பது நல்லது.

யாருக்கு எது

28 வயதுக்குக் கீழே, பட்டம் இருக்கிறது, குடும்பத்திடம் மூன்று நான்கு லட்சம் யுவான் இருக்கிறது என்றால் ஜப்பான். அதைப்போல இரண்டு மடங்கு இருந்து, ஐஇஎல்டிஎஸ் 7ஐத் தொடுகிறது, செவிலியர் அல்லது ஆசிரியர் வேலையில் மனமும் இருக்கிறது என்றால் ஆஸ்திரேலியா. மனமில்லாமல் பாயின்ட்டுக்காக மழலையர் கல்வி படிக்கிறவர்கள் முதல் ஆண்டுப் பயிற்சி வகுப்பிலேயே கழன்றுகொள்கிறார்கள், கட்டிய கட்டணம் போனதுதான். 30 முடியவில்லை, முடிவெடுக்கவும் முடியவில்லை என்றால் 462 குலுக்கலில் 25 டாலரைப் போட்டுப் பார்க்கலாம். 36க்கு மேல் போனால் இரண்டு படிப்பு வழிகளும் மங்கிவிடும். ஜப்பானில் சாதாரணப் பத்தாண்டு வழி மட்டும் திறந்திருக்கும், அதற்கும் வேலை கிடைக்க வேண்டும். தைவானை விசா வழியாக நினைத்து யாரும் தேர்ந்தெடுக்கக்கூடாது. அந்த ஆள் வேண்டும் என்றால் மட்டும் போகலாம், அதுவும் நேர்காணலுக்குமுன் இருவரும் எதையும் ஒருவருக்கொருவர் மறைக்காமல்.

இதில் எல்லோரும் கடைசியாக யோசிக்கும் விஷயம் பெற்றோர். 1980களிலும் 90களிலும் பிறந்த நகரத்துப் பெண்களில் பெரும்பாலோர் ஒற்றைப் பிள்ளை. ஆஸ்திரேலியாவின் பெற்றோர் விசாவுக்குப் பிள்ளைகளில் பாதிப் பேராவது அங்கே வசிக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஒற்றை மகள் தானாகவே தேறிவிடுவாள். ஆனால் பங்களிப்புப் பெற்றோர் விசாவுக்கு ஆளுக்குச் சுமார் 48,000 டாலர், காத்திருப்பு பத்தாண்டைத் தாண்டும். ஜப்பானில் பெற்றோருக்கென்று பொதுவான விசாவே இல்லை. உயர்திறனாளருக்கு மட்டும், குடும்ப வருமானம் 80 லட்சம் யென் இருந்து, அவள் கர்ப்பமாகவோ ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையோடோ இருந்தால், பெற்றோரை அழைக்கலாம். பேரனைப் பார்த்துக்கொள்ள வரலாம், வயதாகிவிட்டது என்பதற்காக வர முடியாது. டோக்கியோவிலிருந்து ஷாங்காய் மூன்று மணிநேர விமானம், மெல்போர்னிலிருந்து பத்து மணிநேரத்துக்கு மேல். அப்பாவுக்குப் பக்கவாதம் என்று இரவில் போன் வரும்போது இந்த வேறுபாடு பாயின்ட்டைவிடப் பெரிது.

புறப்படுமுன்

பிறப்புச் சான்று, குற்றமின்மைச் சான்று, பட்டம் ஆகியவற்றை நோட்டரி செய்து, அதன்மேல் அப்போஸ்டில் என்ற, வெளிநாட்டில் ஏற்கும் சான்று முத்திரையை வாங்க வேண்டும். 2023 நவம்பர் 7 முதல் சீனா அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருப்பதால் தூதரகத்தில் இன்னொரு முத்திரைக்கு அலைய வேண்டியதில்லை. மாகாண வெளியுறவு அலுவலகத்திலேயே முடியும். தைவானுக்கு மட்டும் இது செல்லாது, மேலே சொன்ன அறக்கட்டளை வழிதான். குற்றமின்மைச் சான்றைச் சீக்கிரமே வாங்கிவைப்பது வீண், பல நாடுகள் புதிதாக எடுத்ததைத்தான் கேட்கும்.

ஆளுக்கு ஆண்டுக்கு 50,000 அமெரிக்க டாலர் மட்டுமே அந்நியச் செலாவணியாக மாற்றலாம். சித்தப்பா, அத்தை பெயர்களில் பிரித்துப் பிரித்து ஒரே வெளிநாட்டுக் கணக்குக்கு அனுப்பினால் அத்தனை பேரும் கண்காணிப்புப் பட்டியலில் விழுவார்கள். கல்லூரிச் சேர்க்கைக் கடிதமும் கட்டணச் சீட்டும் இருந்தால் வங்கி அந்த வரம்புக்குமேலும் முறையாகவே மாற்றிக்கொடுக்கும், கேட்க வேண்டும்.

ஓய்வூதியச் சந்தாவை நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் பலர். இப்போது குறைந்தது 15 ஆண்டு கட்டியிருந்தால் போதும். 2030 முதல் ஆண்டுக்கு ஆறு மாதமாக ஏறி 2039இல் அது 20 ஆகும். பெண்களின் ஓய்வு வயதும் 2025 முதல் படிப்படியாக ஏறுகிறது: தொழிலாளிக்கு 50இலிருந்து 55, அலுவலகப் பணிக்கு 55இலிருந்து 58. ஒன்பதாண்டு கட்டியவள் திரும்பிவரும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், சொந்த ஊர்ப் பதிவில் சுயதொழில் பிரிவில் தொடர்ந்து கட்டுவது மேல். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினால் 1980 குடியுரிமைச் சட்டப்படி சீனக் குடியுரிமை தானாகவே போய்விடும். அப்போது தன் கணக்கில் தான் போட்ட பங்கை மட்டும் எடுக்கலாம், முதலாளி பொது நிதியில் கட்டியது கிடைக்காது. குடியுரிமையை மாற்றாமல் நிரந்தர வதிவிடத்தோடு நின்றுகொள்ளும் சீனப் பெண்கள் ஜப்பானில் நிறைய இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.